இரண்டு மூட்டுக்கும் ஒரே டிகிரி

மரக்காணம் உப்பளத்தில் டிகிரி என்றால் வெயில் அல்ல. பாத்தியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதற்கான கணக்கு அது. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரியில் உள்ளே வரும். பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து 25-ஐ நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐத் தொடவிட்டால் கசப்பு ஏறிவிடும் என்று அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். ஓரிரு டிகிரியில் ஒரு பாத்தியின் உழைப்பே கெட்டுப்போகும் என்பதால் இங்கே அளக்காமல் யாரும் அடுத்த மடையைத் திறப்பதில்லை.

இதே கரையில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கும் ஒரு டிகிரிக் கணக்கு இருக்கிறது. பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி, இசுஸு வி-கிராஸ் என்று எதுவானாலும், ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் கூட்டிய அன்றே அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஆனால் பட்டறையில் அதை அளப்பவர்கள் மிகக் குறைவு. “2 இன்ச் ஏத்தியாச்சு, டயர் இடிக்கல, எடுத்துட்டுப் போங்க” என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. நானும் அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன்தான். உப்பளத்தை ஒட்டிய மண் பாதையில் அது அருமையாகப் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி 70-ஐத் தாண்டியதும் தரையிலிருந்து ஒரு ஹூங்காரம் கிளம்பியது. 90-இல் பின்கண்ணாடியில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அவ்வளவு அதிர்வு.

காரணம் புரப்பெல்லர் ஷாஃப்ட். பெரும்பாலும் கியர்பாக்ஸை ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் அது. டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு நிற்கிறது. ஆக்ஸிலோ சக்கரத்தோடு மேலும் கீழும் போகிறது. இரண்டுக்கும் நடுவே சரிந்து நிற்கும் ஷாஃப்ட் சுழல வேண்டுமென்றால் இரு முனையிலும் வளையும் மூட்டு வேண்டும். அதைத்தான் யூ ஜாயிண்ட் என்கிறோம். உள்ளே இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டுதான் கிராஸ். இத்தாலியின் கார்டானோ பெயரும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரும் இந்த மூட்டுக்கு இன்றும் வழங்குகின்றன. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நேராக நிற்கும்போது உள்ளே வரும் வேகத்தை அப்படியே வெளியே தரும். வளைந்து நின்றால் தராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். நம்பிக்கை வரவில்லை என்றால் சாக்கெட் செட்டில் வரும் வளையும் துண்டை எடுத்து, நன்றாக வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு நட்டைத் திருகிப் பாருங்கள். கை சீராகத் திரும்பினாலும் நட்டு விட்டுவிட்டுத்தான் திரும்பும். ஷாஃப்டில் நடப்பதும் அதுதான். 5 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.4 சதவீதம். 10 டிகிரியில் 1.5 சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதத்துக்கும் மேல். கோணம் இரட்டிப்பானால் ஆட்டம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். “கொஞ்சம்தானே ஏத்தினோம்” என்ற சமாதானம் இங்கேதான் உடைகிறது.

அப்படியானால் கம்பெனியிலிருந்து வந்த வண்டி ஏன் அதிர்வதில்லை? அங்கே இரண்டாவது மூட்டு முதல் மூட்டின் குறையைச் சரிக்கட்டுகிறது. முன்னது முந்தும்போது பின்னது அதே அளவு பிந்தும். டிஃபரன்ஷியலுக்குப் போய்ச் சேரும் சுழற்சி சீராகிவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஷாஃப்டின் இரு முனையிலுள்ள கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரு மூட்டுகளின் வளைவும் சமமாக இருக்க வேண்டும். இரண்டாவதை வேறு விதமாகச் சொன்னால், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையும், டிஃபரன்ஷியலில் சுழற்சியை ஏற்கும் முனையான பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும்.

எண்களில் பார்த்தால் எளிது. ஷாஃப்ட் 70 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபர் கேஸின் முனை பின்பக்கமாக 2 டிகிரி சரிந்திருக்கிறது. பினியனின் மூக்கு அதே 2 டிகிரி மேலே பார்க்கிறது. ஷாஃப்டின் சரிவு 7 டிகிரி. மூட்டின் வளைவு என்பது ஷாஃப்டின் சரிவுக்கும் அது சேரும் பாகத்தின் சரிவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே முன்னால் 5, பின்னால் 5. சமம்.

இப்போது வண்டியை 5 சென்டிமீட்டர் தூக்குங்கள். ஷாஃப்டின் சரிவு 11 டிகிரிக்கு வந்துவிடும். ஸ்பிரிங் பட்டை வைத்த வண்டியில் உயரமான பட்டையோ கட்டையோ வைத்து நேராகத் தூக்கினால் ஆக்ஸில் திரும்பாது, மேலும் கீழுமாகத்தான் விலகும். அதனால் இரு மூட்டுகளும் 9, 9 என்று சமமாகவே இருக்கும். பலரும் தவறவிடும் இடம் இது. நேரான ஏற்றம் கோணத்தைப் பெரிதாக்கும், ஆனால் சமத்தைக் கெடுக்காது. கெடுப்பது அதற்கு அடுத்து நடக்கும் “திருத்தம்”.

என் வண்டியில் நடந்ததும் அதேதான். அதிர்கிறது என்று திரும்பக் கொண்டுபோனேன். பட்டறையில் கீழே படுத்துப் பார்த்தார்கள். பின் மூட்டு ரொம்ப வளைந்திருக்கிறது என்று பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு ஆப்பு செருகி, பினியனின் மூக்கை ஷாஃப்டைப் பார்த்து நிமிர்த்தினார்கள். பார்வைக்கு நேராகத்தான் தெரிந்தது. சாலையில் அதிர்வு முன்னைவிடக் கூடியது. மேலே சொன்ன எண்களை வைத்தே கணக்குப் பாருங்கள். 4 டிகிரி ஆப்பு வைத்தால் பின் மூட்டு 5 ஆகிறது. முன் மூட்டு 9 ஆகவே நிற்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்க முடியவில்லை. 9-இன் வர்க்கத்திலிருந்து 5-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 7.5. அதாவது 7.5 டிகிரி வளைந்த ஒற்றை மூட்டை மாட்டி ஓட்டுவதற்குச் சமம். 3 டிகிரியைத் தாண்டினாலே கூடாது என்பது ஷாஃப்ட் செய்பவர்களின் கணக்கு. ஒரு மூட்டை மட்டும் பார்த்துச் செய்யும் எந்தத் திருத்தமும் இப்படித்தான் முடியும்.

சரி, 9-ம் 9-மாக விட்டுவிடலாமா? மெதுவாக ஓட்டினால் விடலாம். வேகமாக ஓட்டினால் கூடாது. இரு மூட்டும் சமமாக இருந்தால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் சுழற்சி சீராகும் என்பது உண்மை. ஆனால் நடுவே இருக்கும் ஷாஃப்ட் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். கனமான இரும்புக் குழாய் அது. அதை அப்படி உதறுவதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்பைசர் நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை: ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 11.5 டிகிரி வரை, 2000 என்றால் 8.7, 2500 என்றால் 7, 3000 என்றால் 5.8, 4000 என்றால் 4.2.

உங்கள் ஷாஃப்ட் எவ்வளவு சுற்றுகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1860 சுற்று. 90-இல் சுமார் 2800. எனவே 9 டிகிரி வைத்துக்கொண்டு 60-க்கே ஏறத்தாழ எல்லையில் நிற்கிறோம். 90-க்கு 6 டிகிரி சொச்சத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். உப்பளத்துப் பாதையில் 15 கிலோமீட்டரில் உருளும்போது எந்தக் கோணமும் வாய் திறக்காது. அதனால்தான் இங்கே நன்றாக இருந்த வண்டி தார்ச்சாலையில் ஏறியதும் அழுகிறது.

இனி அளப்பது. காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று இருந்தால் போதும். கைபேசியில் இருக்கும் ரசமட்டமும் உதவும், கொஞ்சம் பொறுமை வேண்டும். தரை மட்டமாக இல்லையே என்ற கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது வித்தியாசங்கள்தான். வண்டி நகராமல் நின்று, கருவியை எல்லா இடத்திலும் ஒரே பக்கம் பார்த்து வைத்தால், தரையின் சரிவு கணக்கில் அடிபட்டுப் போகும். ஆனால் வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தொங்கும்போது அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. வழக்கமாக ஏற்றும் பாரம் உள்ளே இருக்கட்டும். கருவியை வைக்கும் இடத்தில் துருவையும் பெயின்டையும் சுரண்டிவிட்டு, கடைசல் போட்ட தட்டையான முகத்தில் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்ச், ஷாஃப்டின் குழாய், பினியனின் ஃபிளாஞ்ச் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அம்புக்குறி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். திசையை எழுத மறந்தால் கூட்ட வேண்டியதைக் கழித்துவிடுவோம்.

மேலிருந்து பார்க்கும்போதும் ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறதா என்று கவனிக்க வேண்டும். பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டிஃபரன்ஷியல் நட்டநடுவில் இருக்காது. அப்படியானால் உண்மையான வளைவு, பக்கவாட்டு வளைவும் மேல்கீழ் வளைவும் சேர்ந்தது. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும்.

குறைப்பதற்கு எளிய வழி, கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாக இருக்கும் வண்டியில் அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் இறக்குவது. எஞ்சின் மவுண்டிலிருந்து வால்முனை வரை ஒரு மீட்டர் என்றால், 2 சென்டிமீட்டர் இறக்கியதும் அந்த முனை சுமார் 1.2 டிகிரி கூடுதலாகச் சரியும். ஷாஃப்டின் சரிவு 11-இலிருந்து 9.5-க்கு வரும். முன் மூட்டு 6.3. இப்போது பினியனையும் அதே 1.2 டிகிரி நிமிர்த்தினால் பின் மூட்டும் 6.3. ஒரு சிறிய சட்டத் துண்டும் ஒரு டிகிரி ஆப்பும் சேர்ந்து வண்டியைச் சாலைக்குத் தகுதியாக்கிவிடுகின்றன. விலை என்னவென்றால், வயிற்றுக்குக் கீழே 2 சென்டிமீட்டர் போகிறது. வரப்பு தாண்டும்போது தட்டுவது அந்த வயிறுதான். எஞ்சின் சாய்வதால் ஃபேன் அதன் கூண்டில் உரசாமலும் ஹோஸ் இழுபடாமலும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜிப்ஸியில் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸை விட்டுத் தனியாக, தன் ரப்பர் மவுண்டுகளில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் சாய்த்தால் பின் ஷாஃப்ட் திருந்தி, குட்டி ஷாஃப்ட் கெடும். ஜிப்ஸியில் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிக் கட்டுகிறவர்களும் உண்டு. உயரம் ஒரேயடியாக ஏறும் வேலை அது. ஆனால் பட்டை உட்காரும் இருக்கையைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருப்பதால், பினியனை வேண்டிய டிகிரியில் நிறுத்தும் சந்தர்ப்பமும் அங்கே கிடைக்கிறது. வண்டியை முழு எடையில் நிறுத்தி, அளந்து, முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, திரும்ப அளந்து, பிறகு முழுவதும் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்த அரைநாளை யாரும் மிச்சம் பிடிக்க விடாதீர்கள்.

கோணம் இன்னும் பெரிதானால் இரட்டை மூட்டு வைத்த ஷாஃப்ட்தான் தீர்வு. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஒரே கூண்டில் இரண்டு கிராஸ் இருக்கும். வளைவைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு, தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ளும். அங்கே இணை என்ற விதி மாறுகிறது. பினியன் நேரே ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போது ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். என் வண்டியில் பட்டறை செய்த அந்த ஆப்பு வேலை, இப்படிப்பட்ட ஷாஃப்டுக்குச் சரியானது. என்னிடம் இருந்தது சாதாரண ஷாஃப்ட்.

வளைவு அறவே இல்லாமல் போனாலும் நல்லதில்லை. கிராஸின் நான்கு குப்பிகளுக்குள்ளும் ஊசி ஊசியாக உருளைகள் இருக்கின்றன. அரை டிகிரியாவது வளைந்தால்தான் அவை உருளும். அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கே பள்ளம் விழுந்துவிடும்.

நீளமும் மாறுகிறது. வண்டி உயர்ந்ததும் இரு முனைகளுக்கும் இடையே தூரம் கூடும், ஷாஃப்டின் சறுக்கு மூட்டு வெளியே இழுபடும். சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, பற்கள் இன்னும் எவ்வளவு உள்ளே பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் லேத்தில் கொடுத்து ஷாஃப்டை நீட்டி, பேலன்ஸ் பார்த்து வாங்குவதே சரி. ஒரு சக்கரம் வரப்பில், ஒன்று பள்ளத்தில் என்று முறுகி நிற்கும் நேரத்தில் பற்கள் கழன்றால் ஷாஃப்ட் கீழே விழுந்து தரையில் குத்தும்.

இந்தச் சறுக்கு மூட்டில்தான் இன்னொரு பொதுவான தவறு நடக்கிறது. கழுவி கிரீஸ் போடப் பிரிப்பார்கள். திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போகும். கோணம் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி அதிரும். பிரிக்கும் முன்பே இரு பக்கமும் பஞ்ச் வைத்துக் குறி போடச் சொல்லுங்கள். டொயோட்டா லேண்ட் குரூசர் போன்ற சில வண்டிகளின் முன் ஷாஃப்டில் கம்பெனியே வேண்டுமென்று கவைகளைத் திருப்பி வைத்திருக்கும். “தப்பா மாட்டியிருக்காங்க” என்று அதைத் திருத்தினால் புதிய தொல்லை.

முன் ஆக்ஸிலில் பினியனை நிமிர்த்தினால் ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்து, ஸ்டியரிங் அலையத் தொடங்கும். அங்கே ஸ்டியரிங்குக்கே முதலிடம். ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்து வைத்தால் முன் ஷாஃப்ட் சாலையில் சுழலவே சுழலாது என்பதால் கொஞ்சம் அதிக வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். வி-கிராஸ், புதிய மஹிந்திரா தார் போன்றவற்றில் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. அங்கே முன் ஷாஃப்ட் மாறாது. சக்கரத்துக்குப் போகும் பக்கவாட்டு ஆக்ஸில்கள்தான் வளையும், அவற்றின் ரப்பர் உறை கிழியும். வி-கிராஸின் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் சென்டர் பேரிங். ஏற்றிய பிறகு அதிர்ந்தால், அந்த பேரிங்கின் தாங்கியைச் சற்று இறக்குவதிலேயே பெரும்பாலும் வழி கிடைக்கும்.

ஆப்பு வைப்பதானால் இரும்பு ஆப்பாக வையுங்கள். அலுமினியம் மென்மையானது, நசுங்கும். அதோடு உப்புக் காற்றில் இரும்பை ஒட்டி நிற்கும் அலுமினியம் பொடிப்பொடியாக அரித்துப்போகும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதை மறுபடி முறுக்குவது வேண்டாம்.

இந்தக் கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. கோணத்தைக் குறை சொல்லும் முன் ஷாஃப்டைக் கழுவுங்கள். உப்பளத்துக் களிமண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்தால் அதுவே பேலன்ஸைக் கெடுக்கப் போதும். மண்ணின் அதிர்வு சுற்றுக்கு ஒரு முறை, கோணத்தின் அதிர்வு சுற்றுக்கு இரண்டு முறை. 90 வேகத்தில் முன்னது வினாடிக்கு 47, பின்னது 93. முன்னதை உடல் உதறலாக உணரும், பின்னதைக் காது ரீங்காரமாகக் கேட்கும். உப்புத் தண்ணீரில் இறங்கிய அன்றே நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, கிராஸின் நான்கு சீல்களிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புதியதை ஏற்றுங்கள். சீலின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் தூள் தெரிந்தால் உள்ளே ஊசிகள் வறண்டு துருப்பிடித்துவிட்டன. கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த கிராஸ் நிற்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உயர்த்தத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மணலில் சிக்குவதற்கு உயரக் குறைவைவிட டயரில் நிறைந்திருக்கும் காற்றே பெரும்பாலும் காரணம். காற்றை 18 பவுண்டு வரை இறக்கினால் பல இடங்களில் வண்டி தானாக நகரும். கம்பெனி விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் படித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். அருகிலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் தளமானது. அங்கே சக்கரத்துக்கு வேலை இல்லை. உப்பளத்து வரப்பும் பாதை அல்ல. காலால் மிதித்து மிதித்து இறுக்கி மட்டம் செய்த பாத்தியின் கரை அது. ஒரு முறை சரிந்தால், ஊறிவரும் டிகிரியெல்லாம் வடிந்துபோகும். எனக்கு உயரம் வேண்டியிருந்தது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஒரே ஒரு மண் பாதைக்காக. அதற்கு 5 சென்டிமீட்டர் போதுமானதாக இருந்தது.

என் வண்டியில் அந்த ஆப்பைக் கழற்றினோம். சட்டத்தை இறக்கி, 1 டிகிரி இரும்பு ஆப்பு வைத்து அளந்தபோது முன்னால் 6.4, பின்னால் 6.1. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தை தாண்டி கூனிமேடு வரை 80-இல் ஓட்டிப் பார்த்தேன், ஹூங்காரம் இல்லை. 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கினோம். புதுப் பட்டைகள் பாரத்தில் உட்கார்ந்து ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தணியும் என்பதால், இரண்டு மாதம் கழித்து அதே மூன்று இடங்களில் கருவியை வைத்துத் திரும்பவும் எழுதிக்கொண்டேன்.